பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

ஓடுது. இன்னும் ஓடுது. நின்னு தொலையலை. செண்பகவல்லி மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வீடியோ டெக்கின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே சுற்றுகிற கேசட்டின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணை எடுத்தால் அது சுற்றுவதை விட்டுவிடும் என்பதுபோல. மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டது, ஏனம் கழுவவில்லை, கிடக்கட்டும். டெக்கின் முதுகிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் கிளம்பி, கட்டைவிரல் அளவு டப்பா ஒன்றுக்குள் போய், ஒற்றை ஒயராகிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. அந்த டப்பா கோயம்புத்தூரிலிருந்து மகள் இளவேனில் அனுப்பியது. மேஜைக்குக் கீழே வைத்திருக்கிற கம்ப்யூட்டரும் மகள் காலேஜ் படிக்கும்போது வாங்கியதுதான், அதில்தான் டிஸ்க் போடுகிற வாய் இருக்கிறது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று விட்டு விட்டு எரிய, பக்கத்தில் நேரம் ஓடியது: இருபத்திரண்டு நிமிஷம், பத்து விநாடி. படத்தில் அண்ணன் அம்பலவாணன் மாப்பிள்ளைக் கோலத்தில் காரைவிட்டு இறங்குகிறான், மாலை கழுத்தில் இறுக்க, புது வேட்டி தடுக்க. தொண்ணூற்றொன்று ஆவணி, இதே மன்னார்குடி. போன மாசம் அண்ணன் திருச்சிக்கே போய்விடுவதென்று வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து டெக்கையும் கேசட்டையும் இறக்கி, "உனக்கு வேணும்னா எடுத்துக்க, இல்லேன்னா காயலான் கடைக்குப் போகுது" என்றான். வேணும், வேணும் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கேசட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ரெண்டு நாள் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து துடைத்தாள். டெக்கைத் திறந்து பார்த்த ரேடியோக் கடைக்காரர், "ஒரு ஓட்டம் தாங்கும்க்கா. ரெண்டாவது ஓட்டத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். இதுதான் அந்த ஒரு ஓட்டம். தாங்கணும், சாமி, இன்னைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். மகள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஹெட்போன், வலது காதில் பஞ்சு பிய்ந்திருந்தது. வைத்திலிங்கம் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஸ்பீக்கர்லயே கேக்கலாமே, எதுக்கு அதை மாட்டிக்கிட்டு அவஸ்தைப்படறே" என்றார். அவருக்கு என்ன தெரியும்? கூட்டுறவு ஸ்டோரில் முப்பது வருஷம் மண்ணெண்ணெயும் சர்க்கரையும் அளந்தவர். இவள் இருபது வயசிலிருந்து தலையில் ஹெட்போனோடு இருந்தவள். மன்னார்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு, வெளியூர் லைனைக் கையால் சேர்த்துக் கொடுக்கிற வேலை. முன்னால் வரிசை வரிசையாக ஓட்டை, கையில் ஒயர், காதில் ஊரே. "நம்பர் ப்ளீஸ்." "கொஞ்சம் லைன்ல இருங்க." "பேசுங்க, பார்ட்டி லைன்ல இருக்காங்க." ஒரு நாளைக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு மாரடைப்பு, எந்த லாரி எந்தப் பாலத்தில் கவிழ்ந்தது, எல்லாம் இவள் குரல் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. உர மண்டிக்காரர் ஒருத்தர் தஞ்சாவூருக்கு லைன் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா லைன் கெடைக்காட்டியும் பரவால்லம்மா" என்பாராம். 'என்பாராம்' என்ன, என்னிடமேதானே சொன்னார், என்று தன்னைத்தானே திருத்திக்கொண்டாள். அப்படித்தான் ஆகிவிட்டது இப்போதெல்லாம். தன் குரலைப் பற்றிய சேதி எல்லாம் யாரோ சொல்லிக் கேட்ட சேதி மாதிரி வருகிறது. தொண்ணூற்றேழில் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, உயிர் பிழைத்தது, நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் செத்துப்போனது. சிலருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், யாரைக் குற்றம் சொல்ல. மயக்கம் தெளிந்து "தண்ணி" என்றாள், வெளியே வந்தது தவிடு சலிக்கிற சத்தம். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். அப்புறம் போர்டிலிருந்து எழுப்பி ஃபைல் அறையில் உட்கார வைத்தார்கள். இப்போது கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "சொல்லுங்க சார்" என்கிறான். முதலில் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சார் இல்லப்பா, மேடம். "சரி சார்" என்றான் ஒருத்தன். அன்றைக்கு விட்டதுதான்.

இளவேனில் பிறந்தது தொண்ணூற்றொன்பதில். அவளுக்குத் தெரிந்த அம்மா இந்தத் தவிட்டுக் குரல் அம்மாதான். தாலாட்டு வைத்திலிங்கத்தின் வேலை. தாளமும் சேராது, சுதியும் சேராது, பிள்ளை தூங்கியது பாட்டிலா பயத்திலா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அஞ்சு வயசில் வீட்டுக்கு வந்த யாரிடமோ, "எங்கம்மாவுக்குக் குரல் கிடையாது" என்று வெகு சாதாரணமாகச் சொன்னாள், எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் கிடையாது என்கிற மாதிரி. அடுப்படியில் நின்றவளுக்கு அது சுருக்கென்று ஏறியது, இறங்கவேயில்லை. இருந்துச்சுடி. இருந்துச்சு. எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? ஒரு நாள் வெட்கத்தை விட்டு வைத்திலிங்கத்தைக் கேட்டாள், கல்யாணமாகி நாலு வருஷம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தினவராச்சே என்று. அவர் யோசித்து, தலையைச் சொறிந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். கத்தரிக்காய்க் கூட்டைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அவர் மறந்துவிட்டார். சரி, அவரை விடு, எனக்கு ஞாபகம் இருக்கா? ராத்திரி பகல் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தாச்சு. அம்மா குரல் வருகிறது, அக்கம்பக்கத்துக் குரல் வருகிறது, எக்ஸ்சேஞ்சில் கூட இருந்த ரோஸ்லின் குரல் தும்மலோடு வருகிறது, தன் குரல் மட்டும் வருவதில்லை. சொந்தக் குரலை யார் கவனித்து வைக்கிறார்கள்? மூக்கு மாதிரி அது பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தது. முப்பத்தஞ்சு நிமிஷம், நாலு விநாடி. டேப் லேசாகக் கீச்சிட்டது. வேண்டாம், வேண்டாம், என்று விரல் நுனியால் டெக்கின் தலையை நீவிவிட்டாள். கீச்சு நின்றது. முகூர்த்தத்துக்குக் கூட்டம் உட்கார்ந்தாயிற்று, மேலே சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டுதான். மனசு போய்ப் போய் அந்தப் பாட்டில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கேசட்டில் இவள் பாடியிருக்கிறாள். முகூர்த்தமெல்லாம் முடிந்து, பந்தி முடிந்து, சாயங்காலம் நலங்கு. பொண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டுகிற இடத்தில், அம்மா தானே கட்டின கேலிப்பாட்டை இவளைப் பாடச் சொன்னாள். இவள் பாடியது படம் பிடிக்கப்பட்டது உலகத்திலேயே அந்த ஒரு தடவைதான். அதை மூடச் சொன்னவளும் இவளேதான். வேறு யாராவது செய்திருந்தால் உட்கார வைத்து வாய் நிறையத் திட்டலாம். பாட்டின் முதல் ரெண்டு அடி அண்ணனுக்கு, அது ஜம்மென்று போனது. மூணாவது அடி பொண்ணுக்கு, தையல்நாயகிக்கு. "தையல்நாயகி வந்தாளாம், தங்கத்... தங்க..." அடி மறந்துபோயிற்று. நூறு பேர் பார்க்கிறார்கள், வீடியோ லைட் முகத்தைச் சுடுகிறது, பொண்ணு வீட்டு மாமிகள் மோவாயில் கை வைத்துக் காத்திருக்கிறார்கள், இவள் வாய் தானாகத் திறந்து, போர்டில் இருக்கிற அதே ராகத்தில், அதே மரியாதையில் சொல்லிற்று: "கொஞ்சம் லைன்ல இருங்க." மண்டபம் சிரித்த சிரிப்பில் தேங்காய் உருண்டு வாத்தியக்காரர் மடியில் போய் விழுந்தது. அதோடு விட்டார்களா? ஒரு மாசத்துக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டவனெல்லாம், "கொஞ்சம் லைன்ல இருங்கம்மா, பாட்டு ஞாபகம் வரட்டும்" என்றான். அழுகை அழுகையாக வந்தது. வீடியோ எடுத்த பக்கிரிசாமி அண்ணன் டெக்கிலேயே கேசட்டைத் தயார் பண்ண வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது ஓடிப்போய்ச் சொன்னாள். "அண்ணே, நான் பாடற இடத்துல ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிடுங்க." "ஏம்மா, கல்யாணத்துலயே அதானே நல்லாருக்கு?" "இல்லண்ணே. மூடிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்." அந்த இடம் மட்டுமில்லை, கேசட் முழுக்கவே சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். காலில் விழுகிறேன் என்று சொல்லி மூடச் சொன்னாள். பைத்தியக்காரி. ஆறே வருஷத்தில் அந்தக் குரல் போகப்போகிறதென்று எவளுக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு கேசட் பதிந்து வைத்திருக்க மாட்டாளா? அந்தச் சிரிப்புக்குப் போய் வெட்கப்பட்டாளே. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே. நாற்பத்தாறு நிமிஷம். தாலி கட்டினான் அண்ணன். நாயனக்காரரின் வாய் அசைகிறது, கன்னம் உப்புகிறது, சத்தம் மட்டும் சினிமாப் பாட்டு.

பேப்பர் மடங்கியது. "என்ன வல்லி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? டேப்பு கீப்பு சிக்கிடுச்சா?" ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிக்கொண்டு, "இல்லை. ஓடுது" என்றாள். "பக்கிரிசாமி போட்ட பாட்டுதான் ஓடிக்கிட்டே இருக்கு." "பாவம், அந்தாளு. எவ்வளவு பெருமையாப் போட்டான். உங்கண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்த டெக்கு, இதுல ரெண்டு வழியில சத்தம் ஏறும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். என்கிட்டயே நாலு தடவை சொல்லியிருக்கான். மச்சான் பிளாஸ்திரி போட்டு ஒட்டினதுகூட அவன் சொல்லித்தானே. அந்தப் பொத்தானைத் தொட்டா பாட்டு போயிடும், வெறும் இரைச்சல்தான் வரும்னு." வைத்திலிங்கம் சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். இவள் டெக்கைப் பார்த்தாள். முன்பக்கம் வலது ஓரத்தில், புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு, பழுப்பேறி, ஓரத்தில் அழுக்குக் கோடு கட்டி. முப்பத்து மூன்று வருஷமாக அங்கே இருக்கிறது. குழந்தைகள் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அண்ணன், "ஏய், பிளாஸ்திரியைத் தொடாதே, பாட்டுப் போயிடும்!" என்று கூரை பறக்கக் கத்துவான். இவளும் கத்தியிருக்கிறாள். பாட்டுப் போயிடும், இரைச்சல்தான் வரும். சரி. என்ன இரைச்சல்?

என்ன இரைச்சல்? அந்தக் கேள்வி முள்ளு மாதிரி மாட்டிக்கொண்டது. வைத்திலிங்கத்துக்கு இரைச்சல் என்றால் இரைச்சல், அண்ணனுக்கும் அப்படித்தான். போர்டில் உட்கார்ந்தவளுக்கு அப்படி இல்லை. லைனில் இரைச்சல் என்று சொன்னால் சூப்பர்வைசர் அம்மா எரிந்து விழுவாள்: "இரைச்சல்னு சொல்லாதே, அதுக்குள்ள யார் பேசறாங்கன்னு கேளு." கேட்டால் இருப்பார்கள். எந்த இரைச்சலிலும் யாராவது இருப்பார்கள். மழைக் காலத்தில் ஒரு லைனுக்கு அடியில் இன்னொரு லைன் பேசும், பட்டுக்கோட்டைக்குக் கீழே நாகூர் பேசும், காதைத் தீட்டிக்கொண்டு அதைப் பிரித்து எடுப்பதுதான் வேலையே. ரெண்டு வழியில் சத்தம் ஏறும் என்று பக்கிரிசாமி சொன்னாராம். ரெண்டு வழி. ஒரு வழியில் பாட்டைப் போட்டார். இன்னொரு வழியில்? எப்போதோ ஒரு தடவை, அண்ணன் மகன் தவழ்கிற வயசில், பிளாஸ்திரியோடு சேர்த்துப் பொத்தானை அமுக்கிவிட்டான். பாட்டு நின்று ரெண்டு விநாடி என்னமோ களேபரமாகக் கேட்டது. ஏனம் உருள்கிற சத்தம், யாரோ "இலையைப் போடுங்கப்பா" என்று கத்துகிற சத்தம். டிவியில் வேறு என்னவோ வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து, எல்லாருமாகப் பிள்ளை முதுகில் ஒன்று வைத்துப் பொத்தானை மறுபடி தள்ளிவிட்டார்கள். டிவியில் எவன் இலையைப் போடுங்கப்பா என்று கத்துவான்? ஐயோ, அப்போதே ஒருத்தருக்கும் உறைக்கவில்லையே. அம்பத்து நாலு நிமிஷம். இதோ பந்தி ஆரம்பம், பந்திக்கு அப்புறம் நலங்கு. திருப்பி ஓட்ட முடியாது, ஒரு ஓட்டம்தான். அப்படியே விட்டால் பாட்டோடு ஒரு முழுக் கேசட் கையில் நிற்கும். பொத்தானைத் தொட்டு டெக் நின்றுபோனால்? அதற்கப்புறம் முப்பது வருஷம் தொடாத பொத்தான், துருப்பிடித்து உள்ளேயே மாட்டிக்கொண்டால்? தள்ளினபிறகு அங்கே ஒன்றுமே இல்லாமல், ஈரத்துணி உதறுகிற மாதிரி வெறும் சத்தமாக இருந்தால்? அதைவிடப் பயம் இன்னொன்று இருந்தது, அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது: குரல் இருந்து, அது சாதாரணக் குரலாக இருந்தால்? இத்தனை வருஷம் உள்ளுக்குள் வைத்துக் கும்பிட்டதெல்லாம் கீச்சுக் குரலாக இருந்தால்? இருக்கட்டுமேடி. கீச்சாக இருந்தாலும் உன்னுதுதானே. நகத்தைக் கொடுத்துப் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினாள். "ஏய், ஏய், என்ன பண்றே? மச்சான் ஒட்டினது!" என்று வைத்திலிங்கம் எழுந்தார். "உங்க மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க உக்காருங்க" என்றாள், அந்தக் கரகரப்பிலேயே எஜமானி மாதிரி. பிளாஸ்திரி பொடிப்பொடியாக வந்தது. கீழே எள்ளளவு பொத்தான், வெள்ளையாக, நேற்று வாங்கினது மாதிரி. தள்ளினாள்.

சினிமாப் பாட்டு பட்டென்று நின்றது. ஒரு நொடி ஒன்றுமில்லை, அவ்வளவுதான், போச்சு. அப்புறம் ஹெட்போனுக்குள் மண்டபமே வந்து இறங்கியது. "ரசம், ரசம், ரசம்." வாளியில் கரண்டி இடிக்கிற சத்தம். "இங்க அப்பளம் வரலை, இந்த வரிசைக்கு அப்பளமே வரலை!" ஒரு குழந்தை வீல் என்றது. எங்கேயோ தூரத்தில் நாயனம் ஓய்ந்து தவில் மட்டும் சும்மா தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, பாயசத்தை இலையில ஊத்தாதே, டம்ளர்ல ஊத்து, எனக்கு வழிச்சுத் திங்க வராது." இது மாமா, சாட்சாத் திருத்துறைப்பூண்டி மாமா, அவர் போய் இருபது வருஷமாச்சு, இன்னும் பாயசத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். இதையா, இதையா இரைச்சல் என்றீர்கள்? ஒரு கல்யாணத்தையே பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தீர்களே, பாவிகளா. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது, மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பக்கிரிசாமி அண்ணே, நீங்க மூடலை. மேலே ஒரு பாயைத்தான் விரிச்சீங்க, கீழே அத்தனையும் அப்படியே இருக்கு. எங்கே இருந்தாலும் நல்லா இருங்க. வைத்திலிங்கம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என்ன, என்ன கேக்குது?" என்றார். "ரசம்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க நேரமில்லை, இலை எடுக்கிறார்கள், ஒரு மணி ஏழு நிமிஷம்.

படம் ஒரு தடவை இருண்டு வெளிச்சமானது. ஜமுக்காளம், ரெண்டு மணை, நடுவில் தேங்காய். அதோ அம்மா, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு யாரையோ கையைப் பிடித்து இழுத்து வருகிறாள். மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், ஒல்லிக்குச்சி. இவளா? இவள்தான். வரமாட்டேன் என்று பிகு பண்ணுகிறாள். பண்ணாதே, பண்ணாதே, பாடித் தொலை. சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையின் அடியிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி மேலே ஏறியது. பூஞ்சணம் பிடித்த இடம். ஹெட்போனில் டர்ர்ர் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து, சனியனே, சினிமாப் பாட்டு வந்துவிட்டது. ஒரு நொடி பாட்டு, ஒரு நொடி மண்டபம், மறுபடி பாட்டு. அம்மா குரல் "பாடுடி வெக்கப்..." என்று வந்து அறுந்தது. ஒரு லைனில் ரெண்டு பார்ட்டி. செண்பகவல்லிக்கு ஏனோ பயம் போய்விட்டது. இது தெரிந்த வேலை. டெக்கின் அடிமூடியைத் தள்ளினால் உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், கோடு விழுந்தால் அதைத்தான் திருகுவார்கள். ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். கண் எதற்கு, காது போதும். இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. பாட்டு ஓங்குகிறது. தப்பு. அந்தப் பக்கம். டர்ர்ர் குறைகிறது. இன்னும் கொஞ்சம், அவசரப்படாதே, புயல் நாளில் நாகப்பட்டினத்தைப் பிடித்தவள் நீ. பாட்டு மெலிந்தது, அறுந்தது, போயே போய்விட்டது. விரலை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும். மண்டபம் நின்றது, தெளிவாக நின்றது. யாரோ ஒரு பெண் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற சத்தம். அப்புறம் பாட ஆரம்பித்தாள்.

"அம்பலவாண மாப்பிள்ளைக்கு ஆறு இட்லி பத்தாதாம், அடுக்களைக்கே வந்து நின்னு ஆப்பம் எங்கேன்னு கேட்டாராம்." யார் இது? முதலில் அதுதான் தோன்றியது. யாரோ நன்றாகப் பாடுகிறாள், யார் வீட்டுப் பெண்ணோ. குரல் நேராகப் போகிறது, எங்கும் இடறவில்லை, 'கேட்டாராம்' என்கிற இடத்தில் ஒரு குறும்பான ஏற்றம், ஏறி நின்று ஊரையே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குகிற ஏற்றம். அந்த ஏற்றத்தில் செண்பகவல்லியின் தொண்டைக்குழி தானாக அசைந்தது. செத்த நரம்பு என்றார்களே, அந்த இடம்தான். மனசுக்குத் தெரியவில்லை, கழுத்துக்குத் தெரிந்துவிட்டது. நான். நான்தான். கீச்சு இல்லை, சாதாரணம் இல்லை, உர மண்டிக்காரர் பொய் சொல்லவில்லை. நல்ல குரல். அடியாத்தீ, எவ்வளவு நல்ல குரல்! கர்வமாக இருந்தது, கூச்சமே இல்லாமல் கர்வமாக இருந்தது, அம்பத்தேழு வயசில் உட்கார்ந்த இடத்தில் முதுகு நிமிர்ந்தது. "தையல்நாயகி வந்தாளாம், தங்கத்... தங்க..." வருது, வருது, அந்த இடம் வருது. வழக்கமாக இதை நினைத்தாலே காது மடல் சுடும். இன்றைக்குச் சொல்லுடி, சொல்லு, என்று திரையைப் பார்த்து விரட்டினாள். "கொஞ்சம் லைன்ல இருங்க." சுத்தமாக, அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள் மாம்பழக் கலர் புடவை. மண்டபம் வெடித்தது. சிரிப்புக்கு நடுவே அம்மாவின் குரல், இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் கேட்காமல் போன குரல்: "சிரிக்காதீங்கடி! என் பொண்ணு சொன்னா கவர்னரே லைன்ல இருப்பாரு, நீங்க இருக்க மாட்டீங்களா? நீ பாடு கண்ணு!" அம்மா அப்படியா சொன்னாள்? அன்றைக்கு வெட்கத்தில் காது அடைத்துப்போய் இது விழவேயில்லையே. திரையில் அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அப்புறம் எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பாடி முடித்தாள். பாடி முடித்திருக்கிறாள்! கேசட் போடும்போதெல்லாம் நலங்கு வந்தாலே எழுந்து போய்விடுவாள், பாதியில் ஓடிவிட்டதாக அல்லவா முப்பத்து மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டேப் கடைசி வரை ஓடி, டொக்கென்று நின்று, ஏதோ உள்ளுக்குள் முறிகிற சத்தத்தோடு கடித்துக்கொண்டது. கடிக்கட்டும். வேலை முடிந்தது, மகராசி, நீ போய்ப் படு. செண்பகவல்லி விரலை எடுத்தபோது நுனியில் சக்கரத்தின் பல் பதிந்திருந்தது. கம்ப்யூட்டரில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்து, ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டை ஸ்பீக்கரில் விட்டாள். வைத்திலிங்கம் நின்றபடி கேட்டார். ஆறு இட்லியில் அவர் முகம் மாறியது. கேட்டாராமில் கண்ணாடியைக் கழற்றினார். "இதான்" என்றார். "இதேதான், வல்லி. நான் மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டியா? மறக்கலை. எனக்குச் சொல்லத் தெரியலை." அவர் மேல் இருந்த இத்தனை வருஷக் கோபமும் எங்கே போனது என்றே தெரியவில்லை. "பரவால்ல, போய் அந்த டிஸ்க்கை எடுத்துட்டு வாங்க" என்றாள். காலையில் நாலு கடை ஏறி இறங்கி, பழைய சரக்கில் தேடி அவர் வாங்கி வந்த மூன்று டிஸ்க். ஒன்றைப் போட்டாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுதியது. வெளியே துப்பியபோது சூடாக இருந்தது, கையில் பிடிக்க இதமாக இருந்தது. மேலே மார்க்கர் பேனாவால் எழுதினாள்: அம்பலவாணன் - தையல்நாயகி திருமணம். யோசித்து, கீழே இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்: பாட்டு - செண்பகவல்லி.

மகளுக்குப் போன் போட்டாள். "என்னம்மா, ஆபீஸ்ல இருக்கேன், டேப் வந்துச்சா?" "வந்துச்சு. டிஸ்க்ல போட்டுட்டேன்." "ஐயோம்மா, டிஸ்க்கைப் போட எங்கிட்ட ஏது மிஷின்? யாருகிட்டயுமே கிடையாது இப்ப." "அதைச் சும்மா கையில வச்சுக்க. இப்பக் காதைக் குடு. உனக்கு ஒரு டிரங்க் கால் வந்திருக்கு." "என்னது?" "டிரங்க் கால். தொண்ணூத்தொண்ணுலேர்ந்து. பேசுங்க, பார்ட்டி லைன்ல இருக்காங்க." போனை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தாள். ஆறு இட்லி போனது, ஆப்பம் போனது, தையல்நாயகி வந்தாள், தங்கத்தில் தடுக்கினாள், கொஞ்சம் லைன்ல இருங்க என்றாள், மண்டபம் சிரித்தது, கோயம்புத்தூரிலும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "யாரும்மா இது, சூப்பரா பாடறாங்க, அத்தையா?" என்றாள். "நான்" என்றாள் செண்பகவல்லி. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அம்மா." "ம்." "உனக்குக் குரல் இருந்துச்சாம்மா?" "இருந்துச்சுடி. இதோ இருக்கே." "வெச்சுடாதே. முதல்லேர்ந்து போடும்மா. போடறியா?" செண்பகவல்லி மவுஸைப் பாட்டின் ஆரம்பத்துக்கு இழுத்துக்கொண்டே, தவிடு சலிக்கிற தன் சொந்தக் குரலில், போர்டில் உட்கார்ந்திருந்த அதே மிடுக்கோடு சொன்னாள்:

"கொஞ்சம் லைன்ல இருங்க."